இரண்டு தடவை இருந்த கப்பல்

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். தானே எழுதிய ஒரு கிளாஸின் ஆப்ஜெக்டை டிக்ஷனரியில் கீயாக வைத்திருக்கிறாராம். எண்ணிக்கை கேட்டால் சரியாகச் சொல்கிறதாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கண்ணெதிரே இருக்கிறதாம். இது இருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்டால் மட்டும் இல்லை என்கிறதாம். மண்டையை உடைத்துக்கொள்கிறேன் மேடம், இது கம்பைலரின் கோளாறாக இருக்குமோ என்று முடித்திருந்தார்.

கம்பைலரின் கோளாறு இல்லை. நானும் என் காலத்தில் கம்பைலரை நிறையச் சந்தேகப்பட்டவள்தான். ஒரு தடவைகூட அது குற்றவாளியாக மாட்டியதில்லை. பதில் இரண்டே வரி. மாறக்கூடிய விவரத்தை வைத்து அடையாளத்தைக் கணக்கிடாதீர்கள். டிக்ஷனரிக்குள் வைத்த பிறகு கீயின் மேல் கை வைக்காதீர்கள். அன்றே எழுதி அனுப்பிவிட்டேன். நன்றி மேடம் என்று பதிலும் வந்துவிட்டது.

இரண்டு வரியில் கிடைத்தது இரண்டு நாளில் மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பாடம் போர்ட் பிளேரில் எங்களுக்குக் கிடைத்தபோது ஒரு பெண்ணின் படிப்பு அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் எனக்கு மறக்கவில்லை. அதைச் சொல்கிறேன். நிரல் எழுதும் விவரங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கப்பல் டிக்கெட் முன்பதிவை அப்போது ஒரு ஏஜென்சி எடுத்து நடத்திக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லை, பெயர் வேண்டாம். கீழே கவுண்டர்கள், மாடியில் எங்கள் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். நான், ரஃபீக், ஒரு சர்வர், கீச்சென்று கத்தும் ஒரு பிரிண்டர். ரஃபீக் பாம்பூஃப்ளாட்காரன். தினமும் காலையில் ஃபெர்ரியில் வந்து இறங்குவான். கை வேகம் அதிகம். நான் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி எழுதியிருப்பான், அதில் பாதி சரியாகவும் இருக்கும்.

டிக்கெட் விற்கும் மென்பொருளை மெயின்லேண்டில் ஒரு கம்பெனி செய்து கொடுத்திருந்தது. அதில் ஒவ்வொரு பயணமும் ஒரு ஆப்ஜெக்ட். அந்தப் பயணம்தான் தேடுவதற்கான கீ, அதற்குரிய பயணிகள் எல்லோரும் அதன் மதிப்பு, இரண்டும் சேர்ந்து ஒரு டிக்ஷனரியில். ஆரம்பத்தில் உங்களில் பலரும் பார்த்திருக்கக்கூடிய பிரச்சினைதான் வந்தது. ஒரே கப்பல், ஒரே தேதி, ஒரே துறை என்று இரண்டு ஆப்ஜெக்ட் செய்தால் இரண்டும் வேறுவேறு என்று டிக்ஷனரி நினைத்தது. எதெது ஒத்துப்போனால் இரண்டும் ஒன்று என்று நாம்தானே சொல்லித்தர வேண்டும்? கம்பெனிக்காரர்கள் சொல்லித் தந்தார்கள்: கப்பலின் பெயர், புறப்படும் தேதி, புறப்படும் துறை. இந்த மூன்றையும் கலக்கி, எந்த இடத்தில் வைப்பது என்று சொல்லும் ஒரு ஹாஷ் எண். மெயின்லேண்டில் உட்கார்ந்து யோசித்தால் அது நியாயமான முடிவுதான். அங்கே ரயில் தாமதமாகும், ரத்தாகும். வேறொரு தேதிக்கு நகர்ந்து போவதில்லை.

இங்கே கப்பல் நகரும். கடல் சரியில்லை என்றால் இரண்டு நாள், சரக்கு இறங்கவில்லை என்றால் ஒரு நாள். வானொலியில் அறிவிப்பு வரும், கேட்டவர்கள் மூட்டையை மறுபடி வீட்டுக்குள் எடுத்து வைப்பார்கள். யாரும் பயணம் ரத்தானதாக நினைக்க மாட்டார்கள். அதே கப்பல்தான், நாளன்னிக்குப் போகிறது, அவ்வளவுதான். மென்பொருளுக்கு இது புரியாது. பழைய பயணத்தை ரத்து செய்து, புதிதாக ஒன்றை உண்டாக்கி, எல்லாப் பயணிகளையும் ஒவ்வொருவராக மாற்ற வேண்டும். கவுண்டர்காரர்கள் ஒவ்வொரு தடவையும் எங்களைத் திட்டிக்கொண்டே அதைச் செய்தார்கள்.

அவர்கள் படும் பாட்டைப் பார்த்து ரஃபீக் ஒரு பட்டன் செய்து கொடுத்தான். தேதியை மாற்று. அழுத்தினால் பயணத்தின் தேதி மாறிவிடும், பயணிகள் இருக்கிற இடத்திலேயே இருப்பார்கள். தீவில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்குத்தான் இப்படித் தோன்றும். அவனுக்கு அது அதே கப்பல். கவுண்டரில் அவனுக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார்கள்.

பட்டன் வந்த பிறகு முதல் தடவையாகச் சென்னைக் கப்பல் தள்ளிப்போனது மழைக்காலத்தில். முந்தின நாள் பிற்பகலில் அறிவிப்பு வந்தது. பட்டனை அழுத்தினார்கள். திரையில் தேதி அழகாக மாறியது. கொஞ்ச நேரத்தில் கவுண்டரில் ஓர் அதிசயம் நடந்தது. பல நாள் முன்பே நிரம்பிப்போயிருந்த கப்பலில் எல்லா இடமும் காலியாக இருப்பதாகத் திரை காட்டியது.

சென்னைக் கப்பலின் பங்க் டிக்கெட், அதாவது படுக்கை இடம், என்றால் என்னவென்று இங்கே வேலை செய்த யாரையும் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை வரிசை, தள்ளுமுள்ளு, சிபாரிசுக் கடிதம். அப்படிப்பட்ட இடம் கேட்டதும் கிடைக்கிறது. கடலுக்குப் பயந்து நிறையப் பேர் ரத்து செய்துவிட்டார்கள் போல என்று கவுண்டரில் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு விற்றார்கள். வாங்கியவர்கள் கும்பிட்டு வாங்கிப் போனார்கள். மாடிக்கு ஒரு புகாரும் வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். மக்களை அழவைக்கும் பிழை ஐந்து நிமிடத்தில் உங்கள் மேஜைக்கு வந்துவிடும். சந்தோஷப்படுத்தும் பிழையை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ரஃபீக்கே தன் வாப்பாவுக்கு ஒரு டிக்கெட் வாங்கினான். அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை, மெயின்லேண்டில் செய்ய வேண்டும். இரண்டு தடவை வரிசையில் நின்று கிடைக்காமல் திரும்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை மண்டல் தாதா மாடிப்படி ஏறி வந்தார். மூன்றாவது கவுண்டர் அவருடையது. வங்காளி, தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். நேர்மையான மனிதர், தன் கவுண்டரில் ஒரு ரூபாய் தவறினாலும் தூக்கம் வராது அவருக்கு. பின்னால் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். அந்தப் பெண்ணின் டிக்கெட்டை மண்டல் தாதா இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நக்லி ஹை, மேடம்" என்றார். போலி.

அவர் மேல் தப்பில்லை. கொஞ்ச நாளாகவே கலர் ஜெராக்ஸ் எடுத்த டிக்கெட்டுகளைக் கப்பல் ஏறும் ஜெட்டி வாசலில் யாரோ விற்றுக்கொண்டிருந்தார்கள். இவள் கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள். எண்ணைப் போட்டுத் தேடினால் அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது என்று திரை சொல்கிறது. அந்த பங்க் வேறொருவர் பெயரில் இருக்கிறது. காவலாளியிடம் சொல்லியாகிவிட்டது, போலீஸுக்கு அனுப்புவதற்கு முன்னால் தமிழ்ப் பொண்ணு ஆயிற்றே, நீங்கள் ஒரு வார்த்தை பேசிப்பாருங்கள் என்று கூட்டி வந்திருக்கிறார்.

பெயர் யோகேஸ்வரி. கச்சால் தீவு. இலங்கையில் மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அவள் போர்ட் பிளேரில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ முடித்திருந்தாள். சென்னையில் நர்சிங் படிப்பில் இடம் கிடைத்து, குறிப்பிட்ட நாளுக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. கப்பல் தள்ளிப்போனதில் நடுவில் இருந்த அவகாசமெல்லாம் போய்விட்டது. இந்தக் கப்பலில் ஏறினால் கடைசி நாளுக்குப் போய் நிற்கலாம். அடுத்த கப்பல் என்றால் இடம் வேறொருவருக்கு. விமானம் அவர்கள் யோசிக்கக்கூடிய விஷயம் இல்லை. அவள் அம்மா எங்களோடு பேசவேயில்லை. படியிலேயே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளன போயி லைன்ல நின்னு நானேதான் மேடம் வாங்கினேன்" என்றாள் யோகேஸ்வரி. "இந்த ஐயா கையாலதான் குடுத்தாரு. அவருக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கு."

அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பொய் சொல்கிறவர்களிடம் பதில் நிறைய இருக்கும். இவளிடம் அந்த ஒன்றுதான் இருந்தது.

மெயின்லேண்டில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் எனக்கு ஒரு மேலாளர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், அது எனக்கு அப்போது பெரிய அவமானம். அவரிடம் போய் 'ரெக்கார்டு இல்லை' என்று சொன்னால் தலையை நிமிர்த்தாமலே எங்கே தேடினாய் என்பார். எல்லா இடத்திலும் என்றால், எல்லா இடத்திலும் தேடுவது மனிதர்கள், இயந்திரம் நீ சொன்ன ஒரே இடத்தில்தான் தேடும், அது எந்த இடம் என்று சொல் என்பார். அன்றைக்கு எரிச்சலாக இருக்கும். பணிக்காலம் முழுவதும் எனக்குச் சோறு போட்டது அந்தக் கேள்விதான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஏஜென்சி மேனேஜரிடமிருந்து போன். தினசரி அறிக்கையைப் பார்த்துக் கொதித்துப்போயிருந்தார். நாளைக் கப்பலின் பயணிகள் எண்ணிக்கை கப்பலில் இருக்கும் இடத்தைவிட அதிகமாக இருக்கிறது, கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கூட்டல்கூடத் தெரியாதா என்று கேட்டார். பார்க்கிறேன் சார் என்று போனை வைத்தேன்.

ரஃபீக் அதற்குள் சர்வர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஏதோ குழம்பியிருக்கிறது மேடம், ஒரு ரீஸ்டார்ட் போட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றான். நமக்கெல்லாம் முதலில் வரும் யோசனை அதுதான். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது.

"கீபோர்டுல இருந்து கைய எடு ரஃபீக்" என்றேன்.

எனக்கு இன்னும் விடை தெரியாது. இரண்டு விஷயம் ஒன்றோடொன்று இடித்தது, அது மட்டும்தான் தெரியும். கவுண்டரில் கேட்டால் இந்தப் பெண் உள்ளே இல்லை. அறிக்கையில் கேட்டால் உள்ளே ஆட்கள் அதிகம். குறைவு என்று ஒன்று சொல்கிறது, கூடுதல் என்று இன்னொன்று சொல்கிறது. கவுண்டர் எப்படித் தேடுகிறது? கீயைக் கொடுத்துக் கேட்கிறது. அறிக்கை எப்படிச் செய்கிறது? அது யாரையும் கேட்பதில்லை, டிக்ஷனரிக்குள் புகுந்து முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. அப்படியானால் ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். கேட்டால் மட்டும் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்து, சர்வர் எழுதிவைக்கும் கோப்பைப் பற்றி யோசித்தேன். ஒவ்வொரு நாளும் கவுண்டர் மூடும்போது பயணிகள் விவரத்தைச் சர்வர் ஒரு கோப்பில், முந்தின நாள் எழுதியதை அழித்துவிட்டு, எழுதிவைக்கும். அந்தப் பகுதி அறிக்கையைப் போல எண்ணிக்கொண்டு போவதில்லை. கவுண்டரைப் போல ஒவ்வொரு பயணத்தையும் கேட்டு வாங்கி எழுதுகிறது. அதாவது நேற்று மாலை எழுதிய கோப்பில் பழைய பயணிகள் ஏற்கெனவே இல்லை. அவர்கள் எல்லோரும் இப்போது இருப்பது இந்தச் சர்வரின் நினைவில் மட்டும்தான். ரீஸ்டார்ட் போட்டால் திரை நேராகிவிடும், எல்லாம் சுத்தமாக இருக்கும், அவர்கள் போய்விடுவார்கள். பிறகு இவள் கையில் இருப்பது போலி டிக்கெட் இல்லை என்று யாராலும் காட்ட முடியாது. என்னாலும்தான்.

ரஃபீக்குக்கு இதைச் சொன்னதும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு சர்வரை விட்டே தள்ளி உட்கார்ந்தான்.

முதல் வேலையாகக் கீழே விற்பனையை நிறுத்தச் சொன்னேன். மண்டல் தாதா இறங்கி ஓடினார். அடுத்து, அறிக்கையைக் காகிதத்தில் எடுக்காமல் பெயர்களோடு கோப்பாக எழுதி, இரண்டு வேறு கணினிகளில் நகலெடுத்தோம். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தியது, பேட்டரி பழசு, சிறிது நேரத்தில் சர்வர் அணைந்தது. கதையாக எழுதியிருந்தால் நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கும். இங்கே கரண்ட் தினமும் போகும் என்பதால்தான் நாங்கள் முதலில் நகல் எடுத்தோம்.

ஜெனரேட்டர் வந்ததும் கோப்பைத் திறந்தோம். பயணங்கள் வரிசையாக இருந்தன. நாளைய சென்னைக் கப்பல். பெயர், தேதி, துறை, கீழே பயணிகள். பல பக்கம் தள்ளி மறுபடியும் நாளைய சென்னைக் கப்பல். அதே பெயர், அதே தேதி, அதே துறை, கீழே வேறு பயணிகள்.

ஒரு டிக்ஷனரியில் ஒரே கீ இரண்டு தடவை இருக்கக்கூடாது. டிக்ஷனரி என்பதற்கே அதுதான் அர்த்தம். ரஃபீக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, பட்டன், என்றான். மேற்கொண்டு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்காக விளக்குகிறேன். ஜெட்டியில் சாமான்களை வைத்துவிட்டுப் போகும் அறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர் உங்கள் சட்டையின் நிறத்தைப் பார்த்து, அந்த நிறத்துக்குரிய அலமாரியில் பையை வைக்கிறார். நீங்கள் மழையில் நனைந்து சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறீர்கள். அவர் புதுச் சட்டையைப் பார்த்துப் புது அலமாரிக்குப் போகிறார். பை இல்லை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அந்த அலமாரியில் இல்லைதான். ஹாஷ் எண் என்பது அந்தச் சட்டை நிறம். ரஃபீக்கின் பட்டன் உள்ளே வைத்த பயணத்தின் தேதியை மாற்றியது, பயணம் பழைய அலமாரியிலேயே இருந்தது. கவுண்டர் புதுத் தேதியோடு கேட்டதும் டிக்ஷனரி புது அலமாரியில் பார்த்தது, கிடைக்கவில்லை, சரி புதுசு போல என்று காலியாக ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டது. அந்தக் காலிக் கப்பலைத்தான் முந்தின நாள் பிற்பகலிலிருந்து விற்றார்கள்.

யோகேஸ்வரியின் பெயர் முதல் கப்பலில் இருந்தது. அவள் சொன்ன பங்க் எண்ணிலேயே இருந்தது. திரையைத் திருப்பி அவளிடம் காட்டினேன். மண்டல் தாதாவும் குனிந்து பார்த்தார். டிக்கெட்டைத் தன் சட்டையில் ஒரு தடவை துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, காவலாளியை அனுப்பிவிடக் கீழே போனார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்கள் என்றால் நீங்கள் இன்னும் நிரலைப் பற்றி மட்டும்தான் யோசிக்கிறீர்கள். ஒரு கப்பல், இரண்டு கப்பலுக்கான ஆட்கள். மேனேஜரிடம் போனேன். அவர் உடனே ஒரு வழி சொன்னார். தேதி மாறிய பயணம்தானே, பழைய டிக்கெட்டுகளை ரத்தானதாக அறிவித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், சிஸ்டத்தில் இருக்கிறவர்கள்தான் பயணிகள் என்றார். விதிப்படி தப்புச் சொல்ல முடியாது. சுலபமும்கூட. நேற்று வாங்கியவர்கள் திரையில் பளிச்சென்று இருக்கிறார்கள், மற்றவர்களைத் தேடினால்தான் கிடைக்கவே மாட்டார்களே.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. இரண்டு தரப்பினரும் சிஸ்டத்தில் இருக்கிறார்கள் சார் என்று கோப்பை அச்செடுத்து மேஜையில் வைத்தேன். முதலில் வாங்கியவர்கள் முதலில் வாங்கியவர்கள்தான். நம் மென்பொருள் அவர்களைத் தேடிய இடம் தப்பு, அதற்காக அவர்கள் வாங்காதவர்களாக ஆகிவிட மாட்டார்கள். நேற்று வாங்கியவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்பது நம் வேலை, அடுத்த கப்பலில் அவர்களுக்குத்தான் முதல் இடம் என்று எழுதிக் கொடுங்கள், நானே கவுண்டரில் நின்று சொல்கிறேன் என்றேன். அவர் நெடுநேரம் கோப்பைப் புரட்டினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர்தான், அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது கையில் பிடித்துப் பார்க்க ஒரு காகிதம்.

பிற்பகல் முழுக்க நானும் மண்டல் தாதாவும் கவுண்டரில் நின்றோம். வானொலியில் அறிவிப்புக் கொடுத்திருந்தோம். வந்தவர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று நின்றோம். கடலுக்குப் பயந்து உண்மையாகவே ரத்து செய்த சிலர் இருந்தார்கள், அந்த இடங்களை மிகவும் அவசரமானவர்களுக்குக் கொடுத்தோம். மற்றவர்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்கள்.

முதலில் திரும்பி வந்த டிக்கெட் ரஃபீக்கின் வாப்பாவுடையது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவனே கொண்டுவந்து வைத்தான். அவசரமானவர்கள் பட்டியலில் வாப்பாவையும் சேர்க்கலாமே என்றேன். வேண்டாம் மேடம், பட்டன் என்னுடையது, பார்க்கிறவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள் என்றான். அந்த பங்க்கை முதலில் வாங்கியவர் யார் என்று பார்த்து வைத்திருந்தான். திக்லிபூரிலிருந்து நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்த ஒரு விவசாயி. வீட்டில் சொன்னதும் வாப்பா என்ன சொன்னார் என்று பிறகொரு நாள் கேட்டேன். கண்ணுக்கு ஒன்றும் அவசரமில்லை, பார்த்ததெல்லாம் போதும் என்றாராம். அடுத்த கப்பலில் போய் வந்தார். கண் சரியானது.

யோகேஸ்வரி அன்று மாலைவரை போகவில்லை. வெளியே மழை வேறு. மாடியில் என் எதிரே உட்கார்ந்திருந்தாள், அவள் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன். டீ வரவழைத்தேன். அவளைப் போலிக்காரி என்று சொன்ன இடத்தில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நீ உள்ளேயேதான் இருந்தாய் அம்மா, எங்கள் இயந்திரம் வேறு இடத்தில் தேடிவிட்டது என்றேன். சமாதானத்துக்குச் சொன்னது. அவள் தலையாட்டினாள், தனக்கு இது பழக்கப்பட்ட விஷயம் என்பதுபோல.

"சுனாமிலயும் அப்பிடித்தான் மேடம்" என்றாள். "நாங்க கேம்புலதான் இருந்தோம். சோறு வாங்கி சாப்புட்டு, அங்கனயே படுத்து. அப்பா அந்தக் கேம்பு வாசலுக்கு வந்து வந்து போயிருக்காரு. கச்சால்காரங்க லிஸ்ட்ட பாத்துட்டு இல்லன்னு சொல்லிட்டாங்க. எங்கள பக்கத்துத் தீவு கமோர்ட்டாவுல இருந்துல்ல கப்பல்ல ஏத்துனாங்க, அதனால கமோர்ட்டா லிஸ்ட்ல எழுதி வச்சிருக்காங்க."

அவள் அப்பா அலையடித்த நாளில் வேலையாக வேறு தீவில் இருந்திருக்கிறார். பிழைத்து போர்ட் பிளேர் வந்து, ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கியிருக்கிறார். போகிற இடமெல்லாம் எந்த ஊர் என்று கேட்பார்கள், கச்சால் என்பார், கச்சால் தாளைக் காட்டுவார்கள். கடைசியில் ஊரைச் சொல்வதை நிறுத்திவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த எல்லாத் தாளையும் ஒன்று விடாமல் படிக்க ஆரம்பித்திருக்கிறார். கமோர்ட்டா தாளில் மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் இருந்தன. அதுவரை பேசாமலிருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பேரு மேல விரல வச்சுக்கிட்டு நின்னாரும்மா. நாங்க வந்து தொட்ட பெறகும் எடுக்கல."

நான் டீயைக் கீழே வைத்தேன். ரஃபீக் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

பிறகு நாங்கள் செய்த திருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதற்காகத்தான் காத்திருப்பீர்கள். பயணம் உண்டாகும்போதே அதற்கு ஒரு எண் கொடுத்தோம். தேதி மாறலாம், துறை மாறலாம், சில சமயம் கப்பலே மாறும். எண் மாறாது. கீயாக அந்த எண் மட்டும்தான், வேறு எதையும் அடையாளத்துக்குள் கலக்கவில்லை. எழுதி முடிக்க ரஃபீக்குக்கு அதிக நேரம் ஆகவில்லை. இன்னொரு மாற்றமும் செய்யச் சொன்னேன். டிக்கெட் கிடைக்காதபோது திரையில் 'செல்லாத டிக்கெட்' என்று வரும். அதை எடுத்துவிட்டு, 'இங்கே தேடியதில் கிடைக்கவில்லை, மாடியில் கேட்கவும்' என்று போட வைத்தேன். கவுண்டரில் முணுமுணுத்தார்கள், எங்களுக்கும் வேலை கூடியது. படியேறி வந்தவர்களில் சிலர் போலி டிக்கெட்காரர்கள்தான். எல்லோரும் அல்ல. உங்கள் நிரல் 'இல்லை' என்று சொல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் போய், அது அவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா என்று ஒரு தடவை பாருங்கள்.

மறுநாள் காலை நானும் துறைமுகத்துக்குப் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை. ரஃபீக் இரவோடு இரவாக அச்சடித்த பயணிகள் சார்ட் வாசலில் மேஜை மேல் இருந்தது. மண்டல் தாதாவும் வந்திருந்தார், அவருக்கு அன்று விடுமுறை. வரிசை நீளமாக இருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் வாசல்வரைதான் வரலாம்.

யோகேஸ்வரியின் முறை வந்ததும் டிக்கெட்டை நீட்டினாள். சரிபார்க்கிறவர் சார்ட்டில் தேடி, பெயர் பக்கத்தில் பேனாவால் குறியிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். அவள் நகரவில்லை. எங்க அம்மாவுக்குக் காட்டணும் என்றாள். சார்ட் ஆங்கிலத்தில் இருந்தது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் அம்மாவின் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைத் தன் பெயரின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அம்மா விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் இருந்தவர்கள் சலோ, சலோ என்று சத்தம் போட்டார்கள். சரிபார்க்கிறவர் சார்ட்டை இழுக்கப் பார்த்தார். மண்டல் தாதா மேஜைக்கு முன்னால் போய், வரிசையைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா தானாக விரலை எடுக்கும்வரை யாரையும் அவர் விடவில்லை.